எஞ்சினின் தலையும் தருணமும்

வரலாறு என்றவுடன் நம் மாணாக்கரின் நினைவுக்கு வருவன முடிகளும் போர்களும் ஆண்டு எண்களுமேயாம். நெடுங்காலம் வகுப்பறையில் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் அதற்கு நானும் ஓரளவு பொறுப்பாளியே. மாத்தளை மாவட்டத்தின் வரலாற்றைக் கூறு என்றால், அலுவிகாரையில் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டதையும், 1848 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியையும் எம் பிள்ளைகள் தட்டின்றிக் கூறுவர். அவை அறிய வேண்டியனவே. ஆயினும், அவர்களுடைய பாட்டனும் தந்தையும் தம் கைகளால் என்ன செய்தார்கள், அதனை யாரிடம் கற்றார்கள் என்று கேட்டால் வகுப்பறை அமைதியாகி விடுகிறது.

அந்த அமைதியைச் சிறிது கலைப்பதே இன்றைய பேச்சின் நோக்கம். நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. மோட்டார்க் காரின் எஞ்சினிலே ‘தலை’ என்று சொல்லப்படும் மேற்பகுதியைக் கழற்றி, மீண்டும் பூட்டி, பெற்றோல் பற்றியெரியும் தருணத்தைச் சரிசெய்கின்ற தொழில் அது. பட்டறை மொழியிற் சொன்னால், ஹெட் பூட்டி டைமிங் வைத்தல். இந்தச் சிறு தொழிலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றுக்குள் எங்கள் இரத்தோட்டையும் உண்டு.

இரத்தோட்டை மாத்தளை நகருக்குக் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடியில் அமைந்த ஊர். தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் மிளகும் ஏலமும் ஒன்றையொன்று நெருங்கி வளரும் மண் அது. ஊரைக் கடந்து செல்லும் வீதி வளைந்து வளைந்து ஏறி, கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீற்றருக்கு மேலே உள்ள ரிவஸ்டன் கணவாயைத் தாண்டி, இலுக்கும்புறைப் பக்கம் இறங்குகிறது. மாத்தளையோ பழைய வடபெருவழியின் வாயிலிலுள்ள நகர். கோப்பிக் காலத்திலே, தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய எம் முன்னோர் காட்டுவழியாக நடந்து, நோயினாலும் பசியினாலும் பலரை வழியிலே இழந்து, எஞ்சியோராய் வந்து சேர்ந்த இடம் மாத்தளை. அங்குள்ள முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேரை இழுக்கும் கைகளிற் பெரும்பாலானவை அவ்வழி நடந்தவர்களின் வழித்தோன்றல்களுடைய கைகளே. 1880 ஆம் ஆண்டிலே கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. மாத்தளைக்கு அப்பாலோ மாட்டு வண்டியும் மனிதனின் கால்களுமே போக்குவரத்து. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்விடத்தை மோட்டார் வாகனம் மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது.

இவ்விடத்தில் ஓர் ஆண்டினை மட்டும் நேயர்கள் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறேன். அது 1876 ஆம் ஆண்டு. அவ்வாண்டிலேதான் ஜெர்மனியில் நிக்கொலஸ் ஒட்டோ என்பார், நான்கு அடிகளில் ஒரு வேலைச் சுற்றை முடிக்கும் எஞ்சினை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். காற்றும் எரிபொருளும் கலந்த கலவையை உள்ளே இழுத்தல், அதனை அழுத்துதல், பற்றவைத்து வேலை வாங்குதல், புகையை வெளியே தள்ளுதல் என்பன அந்நான்கு அடிகள். அதே 1876 இலேதான் பிரேசில் நாட்டு இறப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்டு, நாற்றுகளாக இலங்கைக்கு அனுப்பப்பட்டு, ஹெனரத்கொடையிலே நடப்பட்டன. 1869 இல் தோன்றிய இலைத்துரு நோயினால் கோப்பி அழிந்துகொண்டிருந்த காலம் அது. எஞ்சினும் இறப்பர் நாற்றும் ஒன்றையொன்று அறியா. ஆனால் ஒரு தலைமுறை கழிவதற்குள், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருகிய மோட்டார்க் கார்களின் சக்கரங்களுக்காக எம்மவர் மாத்தளை மலைச்சரிவுகளில் இறப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்துக்கொண்டிருந்தனர். ஆகவே காரைக் கண்ணாற் காண்பதற்கு முன்பே அதன் உழைப்பிற் பங்கு கொண்டவர்கள் நாங்கள்.

இனி எஞ்சினின் தலைக்கு வருவோம். எஞ்சினின் உடல் வார்ப்பிரும்பினால் ஆனது. அதிலே குழாய் வடிவான சிலிண்டர்கள் உண்டு. அவற்றினுள்ளே மேலுங் கீழும் ஓடுவது பிஸ்டன். எமது பாடநூல்கள் அதனை முசலம் என்று அழைக்கும். சிலிண்டரின் மேல்வாயை மூடி, எரியும் வாயுவின் அழுத்தத்தைத் தாங்கி நிற்பதே தலை. தொடக்க காலத்துக் கார்களிற் பலவற்றில் உடலும் தலையும் ஒரே வார்ப்பாக இருந்தன. உள்ளே படியும் கரியைச் சுரண்டவேண்டுமாயின் எஞ்சின் முழுவதையுமே பிரிக்க நேர்ந்தது. 1908 இல் ஹென்றி ஃபோர்ட் வெளியிட்ட ‘ரீ’ மாதிரிக் காரிலே தலை தனிப்பாகமாக அமைந்து, மரையாணிகளாற் பூட்டப்பட்டிருந்தது. 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்பனையான அக்கார், கமக்காரனும் தன் முற்றத்திலே நின்று எஞ்சினைத் திறந்து பார்க்கலாம் என்ற நிலையை உலகுக்குக் கொண்டுவந்தது. கழற்றக்கூடிய தலை என்பது ஒரு பொறியியல் மாற்றம் மட்டுமன்று. தொழிற்சாலைக்கு வெளியே, சாதாரண மனிதனிடம் எஞ்சினைப் பற்றிய அறிவு பரவுவதற்கு அது வழி திறந்தது.

எனினும் அக்காலத்துத் தலை வெறும் மூடியே. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்திலே, எஞ்சினின் உடலுக்குள்ளேயே நின்றன. பின்னர் வால்வுகள் தலைக்குள்ளே ஏறின. உடலுக்குள் சுழலும் கேம் தண்டு, நீண்ட தள்ளுதண்டுகளை உயர்த்தும். அவை தலைமேலிருக்கும் றொக்கர்களை அசைக்கும். றொக்கர்கள் வால்வுகளை அழுத்தித் திறக்கும். இந்த மாற்றத்தை எம் நாட்டவர் பலர் கண்ணாரக் கண்டது மொரிஸ் மைனர் காரிலேதான்.

அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்த அக்கார் 1948 இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. அவ்வாண்டே இலங்கை சுதந்திரம் பெற்ற ஆண்டு என்பதை நான் கூறவேண்டியதில்லை. முதலில் வந்த மைனரில் 918 கன சென்ரிமீற்றர் பக்கவால்வு எஞ்சின் இருந்தது. 1952 இல் ஒஸ்டின், மொரிஸ் நிறுவனங்கள் இணைந்தபின், ஒஸ்டினின் ‘ஏ’ வரிசை எஞ்சின் அதனுட் பொருத்தப்பட்டது. 803 கன சென்ரிமீற்றரில் தொடங்கி, 1956 இல் 948 ஆகவும், 1962 இல் 1,098 ஆகவும் அது வளர்ந்தது. ஏறத்தாழ 16 இலட்சம் மைனர்கள் செய்யப்பட்ட பின்னர், 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. இலங்கையில் ஆசிரியரும் வைத்தியரும் தோட்டத்து உத்தியோகத்தரும் நம்பி வாங்கிய கார் அது.

உலகம் புதிய கார்களுக்கு மாறிய காலத்தில் நாம் ஏன் அதனையே பற்றிக்கொண்டிருந்தோம்? விடை, எம் நாட்டின் பொருளாதார வரலாற்றில் உள்ளது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி அருகியபோது கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை அக்கட்டுப்பாடு இன்னும் இறுகியது. கார் மட்டுமன்று, வால்வு, கேஸ்கட், பெயாரிங் ஆகிய உதிரிப் பாகங்களும் அரிதாயின. மேலைநாட்டிலே பத்தாண்டு ஓடிக் குப்பைக்குப் போன கார், இங்கே முப்பது ஆண்டு ஓடவேண்டியதாயிற்று. அதனை ஓடவைத்தவர் பெரும்பாலும் வகுப்பறை காணாத மெக்கானிக்குகளே.

1958 சனவரியில் இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானபின், அதன் பஸ்களைப் பேணுவதற்கான ஆட்களைப் பயிற்ற ஜெர்மானிய உதவியோடு ஒரு தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் தோன்றியது உண்மை. ஆனால் தோட்டப் புறத்துப் பிள்ளைக்கு அவ்வாயில் எளிதில் திறக்கவில்லை. அவனுடைய கல்லூரி, தேயிலைத் தொழிற்சாலையின் எஞ்சின் அறை. அங்கே எண்ணெய்த் துணி பிடித்து நின்றவன், பிறகு லொறியின் கிளீனர், பிறகு சாரதி, பிறகு கடைவீதியிலே ஒரு தகரக் கொட்டகையில் மெக்கானிக். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவனுடைய பெற்றோரை நாடற்றவராக்கியது. 1964 இல் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரி அவர்களும் செய்த உடன்படிக்கையின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும், 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று பங்கிடப்பட்டனர். தலைமன்னாரிலே கப்பலேறியவர்களின் கணக்கில், எத்தனை கைத்தொழில்கள் கப்பலேறின என்ற கணக்கு எழுதப்படவில்லை.

இப்போது என் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைக் கூற நேயர்கள் இடம் தரவேண்டும். 1981 ஆம் ஆண்டு. எனக்குப் பன்னிரண்டு வயது. தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்த என் தாய்மாமன், பழைய மொரிஸ் மைனர் ஒன்றை வாங்கியிருந்தார். 948 எஞ்சின். வெளியூர்ப் பட்டறை ஒன்றிலே தலையைக் கழற்றிக் கரி நீக்கிப் பூட்டிக்கொண்டு வந்த மறுவாரம், பிரசவ வேதனையுற்ற ஒரு தாயை ஏற்றிக்கொண்டு மாத்தளை ஆசுபத்திரிக்குப் புறப்பட்டார். முதலாவது ஏற்றத்திலேயே தண்ணீர் கொதித்தது. பின்புறக் குழாயில் வெண்ணிற ஆவி கிளம்பியது. எஞ்சின் பலமிழந்து, இருமி, நின்றுவிட்டது. அத்தாயை ஒரு தேயிலை லொறியில் ஏற்றி அனுப்பினோம். தாயும் சேயும் பிழைத்தனர் என்பது இறைவன் அருள். ஆயினும், அந்த வீதியோரத்திற் கழிந்த அரை மணி நேரத்தை நான் மறக்கவில்லை. தொழில் திருத்தமாகச் செய்யப்படாவிடின் எவ்வளவு பெரிய விலை கொடுக்க நேரும் என்பதை அன்றுதான் கண்டேன்.

காரை இழுத்துவந்து, இரத்தோட்டைக் கடைவீதியில் முதியவரான ஒரு மெக்கானிக்கிடம் ஒப்படைத்தோம். அவர் எண்ணெய்க் கோலை உருவிப் பார்த்தார். எண்ணெய் பால்தேநீரின் நிறத்தில் இருந்தது. “ஐயா, தண்ணி எண்ணெயில கலந்திருச்சு. ஹெட்டை ஒரு பக்கமா இறுக்கியிருக்காங்க, கேஸ்கட் போயிருச்சு” என்றார். மாமன் உடனே பூட்டித் தரும்படி அவசரப்பட்டார். “அவசரத்துக்குப் பூட்டினதாலதானே ஐயா இது திரும்பி வந்துச்சு” என்பதே அவர் விடை. பாடசாலை விடுமுறை ஆதலால் மூன்று நாள் அருகிருந்து பார்த்தேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் மின்கலத் தொடுப்பைக் கழற்றி, தண்ணீரை முழுவதும் வடித்தார். அந்த எஞ்சினின் தலையை ஒன்பது நட்டுகள் பிடித்துநிற்கின்றன. அவற்றுள் நான்கு, றொக்கர் தாங்கிகளையும் சேர்த்துப் பிடிப்பவை. ஆதலால் றொக்கர் தண்டை மட்டும் எடுப்போம் என்று தனியே தளர்த்தினால் தலை கோணும். ஒன்பதையும் முறைப்படி, சிறிது சிறிதாகத் தளர்த்தினார். எட்டுத் தள்ளுதண்டுகளையும் உருவி, தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றில் எட்டுத் துளையிட்டு, வரிசை மாறாமற் குத்தி வைத்தார். ஒவ்வொரு தண்டும் தான் தேய்ந்து பழகிய இடத்துக்கே மீளவேண்டும் என்பது காரணம்.

பின்னர்த் தலையின் அடிமுகத்தைத் துடைத்து, நேர்விளிம்புள்ள இரும்புச் சட்டமொன்றை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, அதன் கீழ் மெல்லிய தகட்டளவியைச் செருகிப் பார்த்தார். தகடு நுழையுமாயின் தலை வளைந்திருக்கிறது என்று பொருள். நல்லவேளையாக அது வளையவில்லை. வால்வுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அரைப்பசை தடவி, இருக்கையிலே சுழற்றி அரைத்து, சாம்பல் நிறமான ஒரே வளையம் தெரியும்வரை விடவில்லை. புதிய கேஸ்கட்டில், மேற்பக்கம் எது, முன்பக்கம் எது என்பது பொறிக்கப்பட்டிருந்தது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அவர் அந்த எழுத்துகளின் வடிவத்தை அறிந்திருந்தார். என்னை வாசிக்கச் சொல்லியும் உறுதி செய்துகொண்டார்.

தலையை இறக்கி, தள்ளுதண்டுகளைத் தத்தம் இடத்தில் நிறுத்தி, றொக்கர்களை ஏற்றினார். இனித்தான் இறுக்குதல். நடுவிலுள்ள நட்டில் தொடங்கி, எதிரெதிராக வெளிநோக்கிச் செல்லவேண்டும். ஒரே தடவையில் அன்று, மூன்று சுற்றுகளில். ஓரத்திலிருந்து தொடங்கினால் தலை நடுவே உப்பும்; அழுத்தம் தப்ப வழி கிடைக்கும். தயாரித்தவர்கள் விதித்த அளவு 40 அடி இறாத்தல். அஃதாவது ஓரடி நீளமான பிடியின் நுனியில் 40 இறாத்தல் விசை. அதனை அளந்து காட்டும் ஸ்பானர் அவரிடம் இல்லை. ஆனால் கொழுந்து நிறுக்கும் பழைய வில் தராசு ஒன்று இருந்தது. ஸ்பானரின் பிடியில் ஓரடியை அளந்து குறியிட்டு, அவ்விடத்திலே தராசின் கொக்கியை மாட்டி, பிடிக்குச் செங்குத்தாக இழுத்து, முள் 40 இல் நிற்கும்வரை இறுக்கினார். அன்று நான் அதனைக் கைப்பழக்கம் என்றே எண்ணினேன். பின்னர் பெளதிக நூலிலே திருப்புதிறன் என்ற அத்தியாயத்தை வாசித்தபோதுதான், அவர் எனக்கு அதனை முன்பே கற்பித்துவிட்டார் என்பது விளங்கியது. தொழிலாளரின் கூடையை நிறுத்துக் கூலியைக் கணக்கிட்ட தராசு, அங்கே அறிவியற் கருவியாயிற்று.

அடுத்தது வால்வின் இடைவெளி. றொக்கருக்கும் வால்வுக்கும் இடையே ஓர் அங்குலத்தின் ஆயிரத்திற் பன்னிரண்டு பங்கு, குளிர்ந்த நிலையில், இருக்கவேண்டும். எந்த வால்வு முற்றாக மூடியிருக்கையில் அளப்பது என்பதற்கு அவர் ஒரு வாய்பாடு வைத்திருந்தார். அதனை ‘ஒன்பதுக் கணக்கு’ என்பார். எட்டாம் வால்வு முழுவதும் திறந்து நிற்கும்போது முதலாம் வால்வை அளக்க வேண்டும். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதை அளக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது. இது எல்லா நாட்டுப் பட்டறைகளிலும் வழங்கும் கணக்கு என்பதைப் பிற்காலத்தில் அறிந்தேன்.

இனி, தருணம். இதனை நேயர்கள் இரண்டாகப் பிரித்து உணரவேண்டும். ஒன்று, வால்வுகள் திறந்து மூடும் தருணம். கிராங்குத் தண்டு இரண்டு முறை சுற்றும்போது கேம் தண்டு ஒரு முறை சுற்றவேண்டும். மைனரில் இவ்விரண்டையும் பிணைப்பது ஒரு சங்கிலி. சங்கிலிச் சில்லுகள் இரண்டிலும் உள்ள புள்ளிகள் ஒன்றையொன்று நோக்கி நிற்குமாறு முதலிற் பூட்டியிருப்பர். கேம் தண்டு எஞ்சினின் உடலுக்குள் இருப்பதால், தலையைக் கழற்றுவதனால் மட்டும் இத்தருணம் குலைவதில்லை. மற்றையது, பொறி விழும் தருணம். பிஸ்டன் கலவையை அழுத்திக்கொண்டு உச்சியை அடைவதற்குச் சற்று முன்பே பொறி விழவேண்டும். கலவை எரிந்து முடியச் சிறிது நேரம் வேண்டுமல்லவா? மிக முந்தினால் எஞ்சின் கணகணவென்று தட்டும். பிந்தினால் பலம் குன்றும், சூடு ஏறும். அந்தக் காருக்கு நேர்ந்த இரண்டாவது குறை இதுவே. முன்பு பூட்டியவர் டிஸ்ரிபியூட்டரையும் தளர்த்தி, மனம்போனபடி திருப்பிவிட்டிருந்தார்.

முதியவர் கைப்பிடியாற் கிராங்கைச் சுற்றினார். முதலாம் சிலிண்டரின் இரு வால்வுகளும் மூடி, நான்காம் சிலிண்டரின் வால்வுகள் இரண்டும் கைமாறும் இடத்தைப் பிடித்தார். கப்பியிலுள்ள வெட்டுக்குறியை, உச்சிக்குச் சில பாகை முன்னதாக, முள்ளுக்கு நேரே நிறுத்தினார். பொயின்ட்டின் இடைவெளியைத் தகட்டளவியாற் சரிபார்த்தபின், சிகரெட் பெட்டியின் மேலுறையான கண்ணாடித் தாளில் ஒரு துண்டைக் கிழித்து, பொயின்ட்டின் இரு முகங்களுக்கிடையே செருகி என் கையில் தந்தார். “தம்பி, மெதுவா இழுத்துக்கிட்டே இரு. வழுக்குற நேரம் சொல்லு” என்றார். அவர் டிஸ்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். தாள் சட்டென்று வழுகிய கணத்தில் “வந்திருச்சு” என்று கூவினேன். அவர் அவ்விடத்திலேயே பூட்டினார். பொயின்ட் பிரியும் கணமே பொறி விழும் கணம். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்ற ஒழுங்கில் கம்பிகளை மாட்டியபின், கைப்பிடியின் ஒரே சுழற்றில் எஞ்சின் உயிர்பெற்றது. பிறகு ஏற்றத்திலே ஓட்டி, உயர் கியரில் அழுத்தும்போது எழும் ஓசையைக் காதாற் கேட்டு, சிறு திருகினால் இறுதித் திருத்தம் செய்தார். சில நூறு மைல் ஓடியபின் மீண்டும் வரச்சொல்லி நட்டுகளையும் இடைவெளிகளையும் சரிபார்த்தார். அந்தக் கார் அதன்பின் பல ஆண்டுகள் அந்த ஏற்றத்தில் நின்றதில்லை.

அவருடைய தம்பியும் இதே தொழில் கற்றவர். உடன்படிக்கையின்படி தமிழ்நாட்டுக்குச் சென்றவர். அங்கிருந்து அவர் எழுதிய கடிதமொன்றை எனக்கு வாசிக்கத் தந்ததுண்டு. முகாமில் இறங்கிப் பல மாதம் வேலையின்றி அலைந்தபின், ஒரு பட்டறையில் அம்பாசடர் காரின் தலையைத் திறந்தபோது அழுகை வந்துவிட்டதாக அதில் எழுதியிருந்தார். அம்பாசடர், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் காரின் வழிவந்தது. நெடுங்காலம் அதிலிருந்த 1,489 கன சென்ரிமீற்றர் எஞ்சின், மைனரின் எஞ்சினுக்கு அண்ணன் முறை. புதிய நாட்டில் அவருக்குத் தெரிந்த முகமாக எதிர்ப்பட்டது அந்த எஞ்சின் ஒன்றே.

1977 இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. யப்பான் நாட்டுக் கார்கள் பெருகின. அவற்றுட் பலவற்றில் கேம் தண்டு உடலை விட்டுத் தலைக்கே ஏறிவிட்டது. பலவற்றிற் சங்கிலிக்குப் பதிலாகப் பல்லுள்ள இறப்பர்ப் பட்டி வந்தது. அவ்வகைப் பட்டியை விற்பனைக் காரொன்றிலே முதலில் அமைத்தது, 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம். இப்போது தலையைக் கழற்றினால் வால்வின் தருணமும் உடன் கழன்றுவிடும். மேலே ஒரு குறி, கீழே ஒரு குறி; இரண்டும் ஒருங்கே பொருந்தாமற் பட்டியை மாட்டினால் எஞ்சின் இயங்காது; சிலவற்றில் வால்வும் பிஸ்டனும் மோதி முறிந்தும் போகும். பழைய மெக்கானிக்குகள் பலர் இங்கே தடுமாறினர். ஆனால் தத்துவத்தை அறிந்தவர் தடுமாறவில்லை. இரண்டு சுற்றுக்கு ஒரு சுற்று என்ற விதி ஒட்டோவின் காலத்திலிருந்து மாறவில்லை அல்லவா?

2002 இல் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. மக்களின், சிறப்பாகக் குழந்தைகளின், உடல்நலத்துக்கு அது பெரும் நன்மை. ஆயினும் பழைய தலைகளிலே வால்வின் இருக்கை மெல்லிய வார்ப்பிரும்பு. ஈயத்தின் காப்பு நீங்கியதும் அது தேயத் தொடங்கியது. கடினமான இருக்கை வளையங்களைப் பதிப்பது புதிய வேலையாயிற்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் தடைசெய்யப்பட்டு, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்குத் தடை நீங்கியது. 2022 இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதை யாவரும் அறிவோம். அந்த ஐந்தாண்டுகளில் ஓரங்கட்டப்பட்டிருந்த பழைய கார்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. அவற்றைத் திறக்கத் தெரிந்த கைகளைத் தேடி ஊரூராக அலைந்தோம். சிலரே எஞ்சியிருந்தனர். என் மாமனின் காரைத் திருத்திய முதியவர் அதற்கு முன்னரே காலமாகிவிட்டார்.

அவர் ஒரு குறிப்பும் எழுதி வைக்கவில்லை. எழுதச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வரலாறு கற்ற எனக்கு அது ஒரு குறையாகவே உள்ளது. அவருடைய பெயர் எந்தச் சுவடிக்கூடத்திலும் இல்லை. குடியுரிமைப் பத்திரத்துக்காகப் பல ஆண்டு காத்திருந்தவர். அவருடைய அறிவுக்கோ ஒரு பத்திரமும் கிடைக்கவில்லை.

இன்று எமது பாடசாலைகள் பலவற்றில் உயர்தரத்திலே தொழில்நுட்பப் பிரிவு உண்டு. பிள்ளைகள் எஞ்சினின் படத்தை அழகாக வரைகிறார்கள். சென்ற ஆண்டு என் மாணாக்கரிடம் ஒரு பணியை ஒப்படைத்தேன். தத்தம் ஊரிலுள்ள முதிய மெக்கானிக், தச்சர், கொல்லர், எஞ்சின் அறைத் தொழிலாளர் ஆகியோரிடம் சென்று, அவர்கள் தம் தொழிலை யாரிடம், எங்கே, எப்படிக் கற்றார்கள் என்று கேட்டு எழுதிவரச் சொன்னேன். வந்த கொப்பிகள் எழுத்துப்பிழை நிறைந்தவை. ஆனால் அவற்றில் உள்ள செய்திகள் எந்தப் பாடநூலிலும் இல்லாதவை. ஒரு மாணவி, தன் பாட்டன் சொன்ன ஒன்பதுக் கணக்கை அட்டவணையாகவே எழுதிவந்தாள். அவற்றை அட்டையிட்டு நூலகத்தில் வைத்திருக்கிறோம்.

நேயர்களே, மின்சாரத்தால் ஓடும் கார்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் கழற்றுதற்குத் தலையும் இல்லை. வைத்தற்குத் தருணமும் இல்லை. இத்தொழில் ஒருநாள் முற்றாக மறையலாம். அதற்காக வருந்திப் பயனில்லை. ஆனால் வசதியற்ற ஒரு மலையூரிலே, நாடற்றவர் எனப்பட்ட மனிதர், தராசையும் தாள் துண்டையும் கருவியாகக் கொண்டு உலகத்தரமான வேலையைச் செய்தார் என்ற செய்தி மறையக் கூடாது. உங்கள் ஊரிலும் அத்தகையோர் ஒருவர் இருப்பார். அடுத்த வாரம் ஓய்வுள்ள ஒரு மாலைப்பொழுதில், ஒரு கொப்பியோடு அவரிடம் செல்லுங்கள். நான் கேட்கத் தவறியதை நீங்களாவது கேளுங்கள்.